பதினேழாம் நாற்காலியில் மீன்கூடை

தடுப்பூசி போட்டுக்கொண்டவர் முப்பது நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. உடம்பில் தடிப்பு, உதட்டில் வீக்கம், மூச்சுத் திணறல் என்று ஏதாவது வந்தால் உடனே கண்டுபிடிக்கத்தான் அந்த ஏற்பாடு. கீரப்பாளையம் பக்கம் நடந்த முகாமில் அதற்காக நாற்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

நாற்காலிகள் நிரம்பியிருப்பதை அரை மணிக்கு ஒருமுறை படமெடுத்து மேலிடத்துக்கு அனுப்புவது மேற்பார்வையாளர் செம்பியன் அவர்களின் தலையாய கடமை. ஜனங்களோ ரேஷன் கடை வரிசையில் பையை வைத்து இடம் பிடித்துப் பழகியவர்கள். ஊசி போட்டதும் நாற்காலியில் பையை வைத்துவிட்டு வெளியே போனார்கள். படத்தில் ஒரு நாற்காலியும் காலியில்லை. அன்னார் பரம திருப்தி அடைந்தார்.

மீன் விற்கும் பூவம்மாள் பதினேழாம் நாற்காலியில் தன் காலிக் கூடையை வைத்தாள்.

"ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன் சார். கூடைய பாத்துக்குங்க."

"பாத்துக்கறேம்மா."

சொன்னபடியே செம்பியன் பார்த்தார். ஏட்டிலும் எழுதினார்: 'இருக்கை 17. தடிப்பு இல்லை. வீக்கம் இல்லை. மூச்சுத் திணறல் இல்லை.'

பன்னிரண்டாம் நிமிடம் டீக்கடை சடையப்பன் ஓடிவந்தார்.

"பூவம்மாளுக்கு ஒடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு! ஒதடு வீங்கி, மூச்சு வாங்குதுங்க!"

செவிலியர் சிந்துஜா அவசர மருந்துப் பெட்டியை எடுத்தார்.

"நில்லும்மா," என்றார் செம்பியன். "அந்தப் பெட்டி கண்காணிப்புல இருக்கறவங்களுக்கு. வெளிய போனவங்கள எந்தக் கட்டத்துல எழுதுறது? அவுங்கள உள்ள வந்து உக்காரச் சொல்லு."

"அவுங்க நாற்காலியில கூடை இருக்கு சார்."

"ஆமா, அதுக்கு இன்னும் பதினெட்டு நிமிஷம் பாக்கி இருக்கு."

"அதுவரைக்கும் அந்தம்மாவுக்கு மூச்சு பாக்கி இருக்காது சார்!"

சிந்துஜா ஓடினார். பூவம்மாளைக் கால் நீட்டிச் சாய்ந்து உட்காரவைத்து, தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார். சில நிமிடங்களில் மூச்சு சீராகத் தொடங்கியது. 108 வந்து சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது. ஏறும்போதும் பூவம்மாள், "என் எடத்துல யாரையும் வுடாதீங்க" என்றாள்.

மாலையில் அறிக்கை போனது: 'கண்காணிக்கப்பட்ட நாற்பது இருக்கைகளில் ஒன்றிலும் ஒவ்வாமை காணப்படவில்லை.' செம்பியனுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. பெட்டியோடு பணியிடத்தை விட்டு ஓடியதற்குச் சிந்துஜாவுக்கு மெமோ வந்தது.

எங்களுக்குக் கோபம் பொங்கியது. அறுபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். மெமோ வாபஸ் ஆனது.

அடுத்த முகாமில் பூவம்மாளே எழுந்து பேசினாள். "எங்கயும் போவாதீங்க. உக்காந்தே இருங்க. இந்தப் பொண்ணு ஓடியாராட்டி நான் இல்ல."

சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பலமாகக் கைதட்டினோம். ஊசி போட்டுக்கொண்டோம்.

பிறகு எண்ணினேன். நாற்காலி நாற்பது. பை முப்பத்தொன்பது. ஒன்பதாம் நாற்காலியில் என் குடை.

டீக்கடையில்தான் உட்கார இடம் கிடைக்கவில்லை.