ரெக்கார்டரில் ஒரு கரகரப்பு

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். இந்த வீட்டில் நலம் விசாரிக்க இருந்த இன்னொருத்தி போய்ச் சேர்ந்து நாலு மாதம் ஆகிவிட்டதால், நலச் செய்தி இவ்வளவோடு முடிகிறது.

இத்துடன் பள்ளிக்கூட ரெக்கார்டரை அனுப்புகிறேன். ரேடியோ ரிப்பேரில் உங்களை அடிக்க ஆளில்லை. உங்கள் தங்கையைப் பற்றி நான் பேசியது அதில் இருக்கிறது, ஆனால் கரகரவென்ற சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. எப்பாடுபட்டாவது அதை மீட்டுத் தாருங்கள்.

நடந்தது இதுதான். பெரியவர்களைப் பேட்டி எடுத்து வாய்மொழி வரலாறு சேகரிக்க ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லித்தருகிறேன். "சின்னதா ஒரு கேள்வி கேளுங்க, அப்புறம் வாயை மூடிக்கிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, அவங்களே பேசுவாங்க" என்பது என் பாடம். என் நேரம், பிள்ளைகள் அதை அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தன் ஓய்வுபெற்ற கண்டக்டரிடம் கேள்வி கேட்டுவிட்டு மௌனமாக உட்கார, மனுஷர் அப்படியே கண்ணயர, இவனும் கண்ணயர, நாற்பது நிமிஷம் குறட்டை பதிவாகியிருக்கிறது. இன்னொருத்தி தையல்கார அம்மாவிடம் போய்ச் சத்தமாகவே எண்ண, "என்னடி, ஏலமா விடுற?" என்று அந்த அம்மா விரட்டிவிட்டார். சரி, நானே பதில் சொல்லிக் காட்டுகிறேன் என்று வகுப்பில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேனா, முன்பெஞ்சு வாயாடி எழுந்தாள். "சார், உங்க வீட்டம்மா சின்ன வயசுல எப்படி இருந்தாங்களாம்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். வருஷம் பூரா மூடாத வாய், மச்சான்! நான் விடுவேனா, மடமடவென்று பதில் சொன்னேன். மிஷின்தான் காலை வாரிவிட்டது.

உங்கள் வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாத்தியார் மாப்பிள்ளை

பி.கு.: பார்சல் கட்டும்போது அந்த வாயாடி வந்து நின்றாள். "சார், மிஷின் நல்லாத்தான் இருக்கு. அது நீங்க அழுத சத்தம்" என்றாள், மெதுவாக. எனக்குத் தெரியாமலா மச்சான்? அன்று வகுப்பில் அவள் கேட்டதற்கு ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை நான். இருபத்தேழு வருஷம் நான் பேசினேன், உங்கள் தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை நான் ஒன்றுமே கேட்டதில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். அதே மிஷினில் நீங்கள் பேசி அனுப்புங்கள். சின்ன வயதில் அவள் எப்படி இருந்தாள்?

கேட்டுவிட்டேன். வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன்.