அப்பாவின் மூளைக்கு நீ போட்ட அட்டவணை

ராஜபாளையம்,
ஞாயிறு காலை.

அன்புத் தம்பி அழகுராஜாவுக்கு, அக்கா மாரீஸ்வரி எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். அப்பா சுகமா என்று தெரியாததால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் புகுந்து விளக்கம் சொல்வாய்.

மனிதர்களோடு பேசிப் பழகினால் மறதி நோய் தள்ளிப்போகும் என்று பெங்களூரிலிருந்து நீ அனுப்பிய அட்டவணையை, பெரிய நம்பிக்கை எதுவும் இல்லாமல், ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுச் சுவரில் ஒட்டினேன். பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு சந்தனம், பதினொன்றுக்கு மாடி வீட்டு எட்வின் சார், நாலு மணிக்கு எதிர்வீட்டு அய்யம்மாள். ஆளுக்கு அரை மணி நேரம். ஒரு மாதத்தில் தேறாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு உங்கள் ஊர் முதியோர் இல்லம் என்று அடியில் நீ எழுதியிருந்த வரியை மட்டும் கிழித்துவிட்டு ஒட்டினேன். மூன்றாம் நாள் நான் பஸ் இறங்கிப் போனபோது, அப்பா வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நின்று, கோர்ட் டவாலி மாதிரி சந்தனத்தின் பெயரை மூன்று முறை கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சந்தனமோ அவர் மூக்குக்கு நேரே நிற்கிறார். உள்ளே உட்காரவைத்து, சந்தனத்தின் மருமகள் கோபித்துக்கொண்டு போன விவகாரம் சூடுபிடித்த நேரத்தில், "நாளைக்கு வாய்தா" என்று அப்பா எழுந்துவிட்டார். எட்வின் சார் கொடைக்கானல் போன கதை, பஸ்ஸில் பிரேக் பிடிக்காத வளைவிலேயே வியாழனுக்கு வாய்தாவாகி நிற்கிறது. கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினாறு வருடமானதே அப்பாவுக்கு மறந்துவிட்டதோ என்று நினைத்தேன். அய்யம்மாள் என்னைத் தனியே இழுத்தாள்.

"ஏட்டி, ஒங்கய்யா எனக்கும் வாய்தா போடுதாரு. நான் என்ன கேஸா போட்டேன்? வரலைன்னா வாரண்டுங்காரு. பயந்துக்கிட்டு வந்துட்டுப் போறேன்."

இதற்குமேல் உன்னை எதிர்க்க எனக்குத் தெம்பில்லை. அடுப்பை அணைக்க மறந்த அன்று யார் பார்ப்பது? சனிக்கிழமை வந்து அழைத்துப்போ.

உன் மனைவிக்கு அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. ஆண்டாள் உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும். அப்பாவைக் கொஞ்சம் கூடுதலாக.

அக்கா,
மாரீஸ்வரி

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ஏன் இந்த வாய்தா என்று அப்பாவிடமே கேட்டுவிட்டேன். "தீர்ப்பு வாங்கினவன் எவனாச்சும் மறுநாள் கோர்ட்டுக்கு வந்து பாத்திருக்கியா? பேசி முடிச்சிட்டா வரமாட்டாவ. வாய்தா போட்டா வந்துதான ஆகணும்" என்றார். பிறகு ஒரு நோட்டைக் காட்டினார். தேதி, பெயர், பேச்சு நின்ற இடம், ஒன்றிலும் பிசகில்லை. தினமும் கடைசியாக உன் பெயர் இருக்கிறது. அதையும் மூன்று முறை கூப்பிடுகிறாராம். எதிரே, எல்லா நாளும், ஆஜர் இல்லை.

சனிக்கிழமை வந்து ஆஜராகிவிட்டுப் போ.