ராகுகாலத்தில் ஓர் உறுதிமொழி

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

பெருமதிப்பிற்குரிய பெரியண்ணன் ரெங்கசாமி அவர்களின் பாதம் தொட்டுத் தம்பி லோகன் எழுதுவது.

தாங்களும் அண்ணியும் செலாயாங்கில் நோய்நொடியில்லாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இல்லாததை இருப்பதாகச் சொல்லக்கூடாது என்று ஒரு பிள்ளை இந்த வீட்டில் பிடிவாதமாக உட்கார்ந்திருப்பதால் அதை எழுதக்கூடப் பயமாக இருக்கிறது. இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு, போன் செய்ய வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போனில் நான் 'அண்ணே' என்று ஆரம்பித்தால் மீதியை நீங்களே பேசி முடித்துவிடுகிறீர்கள். குரல்பதிவு அனுப்பினால் கோயில் கமிட்டிக் கூட்டத்தில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறீர்கள். போன முறை எனக்கு மூலம் என்ற விஷயம் பொருளாளர் வரைக்கும் தெரிந்துவிட்டது. ஆகவே கடிதம். பக்கத்து வீட்டுத் திருச்செல்வம் இன்றிரவு லோரியை எடுத்துக்கொண்டு காய்கறி ஏற்றச் செலாயாங் பாசாருக்கு வருகிறான். விடிவதற்குள் உங்கள் கையில் சேர்த்துவிடுவான். படித்ததும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மலர்விழி பள்ளிக்குக் கிளம்புவதற்குள் அவளுக்குப் போன் போட்டு நன்றாகத் திட்ட வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். பெரியப்பா செல்லமான என் மகள் மூன்று வாரமாகப் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறப்பதில்லை. மற்ற நேரமெல்லாம் திறக்கிறாள், அதில் குறையே இல்லை. திங்கட்கிழமை காலைச் சபைகூடலில் ஆயிரம் பிள்ளைகளும் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கி நாட்டின் கோட்பாடான ருக்குன் நெகாரா உறுதிமொழியைச் சொல்லும்போது மட்டும், இவள் கையைத் தூக்கிக்கொண்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறாள். நாட்டுப்பண்ணைப் பாடும்போது பக்கத்துப் பிள்ளை காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குப் பாடுகிறாளாம். உறுதிமொழி வந்தால் ஊமை. இது எனக்கு இன்று காலைதான் தெரிந்தது, அதுவும் தெரியக்கூடாத இடத்தில் தெரிந்தது.

அந்தப் பள்ளியின் ஒழுங்கு ஆசிரியர் நாகையா மாதம் ஒருமுறை என் முடிதிருத்தும் கடைக்கு வந்து தலைக்குச் சாயம் போட்டுக்கொள்வார் (இது கமிட்டியில் போகக்கூடாது). இன்று பாதித் தலைக்குப் பூசியிருந்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "லோகன், உங்க மகளுக்கு வாயில ஏதும் வலியா?" என்றார். "இல்லையே சார், ராத்திரிகூட நாலு தோசை சாப்பிட்டுச்சு," என்றேன். "அப்ப இது வேணும்னே செய்யுது லா," என்று ஆரம்பித்தார். தலையில் சாயத்தோடு மனிதர் எழுந்து போகவும் முடியாது, கையில் பிரஷோடு நானும் ஓட முடியாது. "மூணு திங்கக்கெழமையா நானும் பாக்குறேன். கூப்பிட்டுக் கேட்டா, 'சொல்லியே ஆகணும்னு எங்க சார் இருக்கு?'ன்னு என்னையே கேக்குது. எங்க இருந்தா என்ன, எல்லாரும் சொல்றாங்க இல்ல? நாளைக்கு அதுவே மேடையில ஏறி, மைக்க புடிச்சு, மொத்தப் பள்ளிக்கும் சொல்லிக் குடுக்கணும். மாட்டேன்னா அந்த சப்போர்ட் லெட்டர் கெடைக்காது. புவான் ஜரீனா கிட்ட நானே சொல்லிடுவேன்." புவான் ஜரீனா தலைமையாசிரியை. ஆதரவுக் கடிதம் எதற்கென்று உங்களுக்கே தெரியும். வருகிற வியாழக்கிழமை மலர்விழியின் குடியுரிமை விண்ணப்பத்துக்கு நேர்காணல். பள்ளியிலிருந்து நன்னடத்தைக்கு ஒரு கடிதம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனையோ வருஷம் கழித்து இப்போதுதான் கூப்பிட்டிருக்கிறார்கள் அண்ணே, அவர் மிரட்டலைக் கேட்டதும் பிரஷைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். அவர் பேசி முடிக்கும்போது சாயம் ஊறவேண்டிய நேரத்தைத் தாண்டி நெற்றியில் வழிந்து புருவம் வரை பிடித்துவிட்டது. எண்ணெய் தடவினேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், பற்பசைகூடப் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. நாளைக் காலை ஆயிரம் பிள்ளைகள் முன்னால் அவர் அந்த நெற்றியோடுதான் நிற்க வேண்டும். மகள் மேல் இருந்த கோபத்தில் இப்போது அப்பனுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மலர்விழி நாளைக்குப் போட வேண்டிய சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கத்த வேண்டும் என்றுதான் போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"ஏம்மா சொல்ல மாட்டேங்குற?" என்றேன்.

"அதுல 'மலேசியக் குடிமக்களாகிய நாங்கள்'னு வருதுப்பா. நான்தான் இல்லையே," என்றாள், இஸ்திரியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இத்தன வருஷம் சொன்னியே?"

"அப்ப எனக்குத் தெரியாது."

போன மாதம்தான் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது அண்ணே. தடைதாண்டும் ஓட்டத்தில் மாவட்ட அளவில் முதலாவதாக வந்தாள், நீங்கள்கூட கமிட்டியில் இனிப்புக் கொடுத்தீர்கள். மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனபோது அடையாள அட்டை எண்ணைக் கேட்டார்கள். இல்லை என்றதும் குடிமக்களுக்கு மட்டும்தான் என்று சொல்லி, இரண்டாவதாக வந்த பிள்ளையை அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. காலணியைத் துவைத்துக் காயப்போட்டாள். அதற்கடுத்த திங்கட்கிழமைதான் முதன்முதலாக வாயை மூடியிருக்கிறாள்.

"அப்ப நாட்டுப்பண் மட்டும் பாடுறியாமே?"

"அது நாட்டப் பத்திப்பா. இது என்னப் பத்தி."

"சும்மா உதட்ட மட்டும் அசைச்சா யாருக்கும்மா தெரியப் போவுது?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியும்," என்றாள். உதவிக்கு என் வீட்டுக்காரி சுகந்தியைப் பார்த்தேன். அவள் புதுக்கோட்டையிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள், பயந்த சுபாவம், மகளை அடக்குவாள் என்று நம்பினேன். அவளோ அடுப்படியிலிருந்தே, "பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்னு சொல்லிச் சொல்லி வளத்தது நீங்கதானே? இப்ப வந்து பொய் சொல்லுன்னா புள்ள என்ன பண்ணும்?" என்கிறாள். இந்த வீட்டில் எனக்கு ஒரு ஓட்டுக்கூட இல்லை.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. நேர்காணலில் அதிகாரி, 'எங்கே, ருக்குன் நெகாரா சொல்லு பார்ப்போம்' என்று கேட்டாலும் கேட்பாராம், போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். குடியுரிமை கொடுத்தால் அடுத்த நிமிஷமே சொல்கிறேன் என்கிறாள் இவள். சொல்லாவிட்டால் எப்படிக் கொடுப்பார்கள் என்று தவிக்கிறேன் நான். இரண்டில் எது முன்னால் வர வேண்டும் என்று யோசித்து யோசித்து இன்று மத்தியானம் மறுபடி கடையைத் திறந்ததும் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு பக்கத்துக் கிருதாவை முழுசாக எடுத்துவிட்டேன். பிறகு இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும் என்று மற்றதையும் எடுத்தேன். அவர் இனி வரமாட்டார்.

யார் மேலும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை அண்ணே. நடந்ததை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். என் கல்யாணம் ஆனி மாசம் கோயிலில் நடந்தது. எண்ணூறு பேர் சாப்பிட்டார்கள், வீடியோ இன்றைக்கும் இருக்கிறது, அதில் நீங்கள்தான் எங்களைவிட அதிகமாக வருகிறீர்கள். சர்க்கார் பதிவுக்கு மறு வாரமே போகலாம் என்றேன். ஆடி பிறக்கப் போகிறது, ஆடியில் கையெழுத்துப் போட்டால் குடும்பம் பிரிந்துவிடும் என்றீர்கள். ஆவணியில் நீங்கள் காசிக்குப் போய்விட்டீர்கள், மூத்தவர் இல்லாமல் பதிவா என்று அண்ணி கேட்டார். புரட்டாசி பெருமாளுக்கு. ஐப்பசியில் தீபாவளி வேலை. கார்த்திகையில் சுகந்தியின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. மார்கழியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தையில் வைக்கலாம் என்றபோது அவளுக்குச் சந்திராஷ்டமம், மாசியில் உங்களுக்கு. பங்குனியில் மலர்விழி பிறந்துவிட்டாள், அவள் யாரிடமும் நாள் கேட்கவில்லை. சித்திரையில் நீங்கள் குறித்துக்கொடுத்த அமிர்தயோகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டோம். ஆனால் பதிவுக்கு முன்னால் பிறந்ததால் பிள்ளை தாயின் நாட்டைச் சேர்ந்தவள் என்று ஆகிவிட்டது. தாயின் நாட்டில் இவளை யாருக்கும் தெரியாது. நான் பிறந்ததும் கிள்ளான், அவள் பிறந்ததும் கிள்ளான், ஆனால் அவள் மட்டும் இந்த நாட்டுப் பிள்ளை இல்லையாம்.

வியாழக்கிழமைக்குக் கல்யாணத்தில் இருந்த மூத்த உறவினர் ஒருவரைச் சாட்சிக்குக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். உங்களை நான் கூப்பிடவில்லை. நேர்காணல் மத்தியானம் இரண்டு மணிக்கு, சரியான ராகுகாலம், அதோடு ஆடி மாசம் வேறு. அந்த நேரத்தில் கூரை தீப்பிடித்தால்கூட நீங்கள் வீட்டைவிட்டு இறங்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். திருச்செல்வத்தைச் சித்தப்பா மகன் என்று சொல்லிக் கூட்டிப்போகிறேன். அன்றைக்கு மூன்று பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிட்டவன், வீடியோவிலும் இலையோடுதான் இருக்கிறான். நீங்கள் சிரமப்பட வேண்டாம். காலையில் போனில் மலர்விழியைத் திட்டினால் போதும். என் பேச்சைக் கேட்கமாட்டாள், பெரியப்பா சொன்னால் கேட்பாள். நாளைக்கு ஒருநாள், அந்த ஒரு வரியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். அவளுடைய வாழ்க்கையே அதில் இருக்கிறது.

அண்ணிக்குச் சுகந்தியின் அன்பு. தங்கள் ஆசி எங்கள் தலைமேல் எப்போதும் இருக்க வேண்டும். முழங்கால் தைலம் திருச்செல்வத்திடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், இரண்டு வேளை தேய்க்கவும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லை ஒருநாளும் தட்டாத தம்பி,
லோகன்.

பின்குறிப்பு: திங்கட்கிழமை மதியம். நேற்றிரவு திருச்செல்வத்தின் லோரி பேட்டரி செத்துவிட்டது. கடிதம் தைலத்தோடு என் கடை மேசையிலேயே கிடந்தது, இனி இன்றிரவுதான் உங்களிடம் வரும். நீங்கள் போன் செய்யவில்லை, மலர்விழி திட்டு வாங்கவில்லை. இன்று காலை நான் அவள் பின்னாலேயே பள்ளிக்குப் போய்ப் பாதுகாவலர் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றேன். நாகையா சார் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார், என் பக்கம் திரும்பவே இல்லை. மலர்விழியைக் கூப்பிட்டார்கள். மேடையில் ஏறினாள் அண்ணே, மறுக்கவில்லை. கையைத் தூக்கினாள். மைக்கில் அவள் வரிவரியாகச் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த வரி வந்தது. நிறுத்திவிட்டாள். கை இறங்கவில்லை, தலை குனியவில்லை, ஸ்பீக்கரில் அவள் மூச்சு மட்டும்தான் கேட்டது. நாகையா சார் மேடையை நோக்கி நடந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்போது யாரோ ஒரு ஆள் வாசலிலிருந்து தொண்டை கிழிய அந்த வரியை மலாயில் சொன்னது கேட்டது. எவன்டா அது என்று திரும்பினேன். பாதுகாவலர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னது நான்தான். வரி காதில் விழுந்ததும் ஆயிரம் பிள்ளைகளும் பழக்கத்தில் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டார்கள். மலர்விழி அடுத்த வரியிலிருந்து தொடர்ந்து, ஐந்து கோட்பாட்டையும் ஒரு எழுத்து பிசகாமல் சொல்லி முடித்தாள்.

"இத சொன்னதா எடுத்துக்கிறதா, சொல்லாததா எடுத்துக்கிறதா?" என்று நாகையா சார் தலைமையாசிரியையிடம் கேட்டார். புவான் ஜரீனா, இந்தப் பிள்ளை தவறாக எதையும் சொல்லவில்லையே என்று மலாயில் சொல்லிவிட்டு, ஆதரவுக் கடிதத்தில் என் கண் முன்னாலேயே கையெழுத்துப் போட்டார். இனிமேல் பெற்றோர்கள் முந்திக்கொண்டு சொல்லக்கூடாது என்று எனக்கு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்.

ஆகவே மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். அவளைத் திட்ட வேண்டாம், ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டாம். வியாழக்கிழமை அதிகாரி கேட்டாலும் அந்த இடத்தில் நிறுத்துவேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள். அந்த அறையில் ஆயிரம் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். திருச்செல்வத்துக்கு உறுதிமொழி தெரியாது, சொல்லச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்த வரியை அவளுக்காக நீங்களும் நானும்தான் சொல்ல வேண்டும். இரண்டு மணிக்கு வந்துவிடுங்கள் அண்ணே. பஞ்சாங்கத்தை அண்ணியிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.