தண்ணீர்மலையில் ஒரு நீண்ட ஜெபம்

ஒரு பெண்ணின் அப்பாவிடம் நல்ல பெயர் வாங்க நினைப்பவனால் எதையும் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அப்போது நான் பிறை ரயில் நிலையத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஞாயிறுதோறும் படகேறி, அக்கரையில் பினாங்குப் பட்டணத்துத் தமிழ் வேதக்கோயிலுக்குப் போவேன். (பக்திதான். எஸ்தரும் வருவாள் என்பது கூடுதல் வசதி.)

எஸ்தரின் அப்பா ஆஸ்பத்திரியில் மருந்துக்கட்டுப் போடும் டிரஸர். நோயாளி பிழைத்துக்கொண்டால்கூடச் சிரிக்காத மனிதர். பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தேன், பதில் இல்லை. அந்தச் சமயத்தில்தான் சபையார் எல்லோரும் தண்ணீர்மலைத் தோட்டத்துக்குப் போனோம். மரத்தடியில் பாய் விரித்து, எலுமிச்சைச் சோறும் கோழிப் பிரட்டலும் வாழைப்பழமும் பரப்பியானதும் டிரஸர் என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க ஜெபம் பண்ணுங்க."

இதுதான் பரீட்சை என்று புரிந்துவிட்டது. கண்ணை இறுக மூடினேன். சோற்றுக்கு மட்டும் நன்றி சொல்லி முடித்திருக்கலாம். நானோ, சகலத்தையும் படைத்தவருக்குச் சகலத்துக்காகவும் நன்றி சொல்வதென்று ஆதியிலிருந்தே தொடங்கினேன். வெளிச்சம், வானம், பூமி, கடல் (நான் படகேறும் பிறைக் கடலைத் தனியாகக் குறிப்பிட்டு), புல், பூண்டு, மங்குஸ்தான். பறவைகளுக்கு வந்தபோது பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். குரலை உயர்த்தினேன்.

"காட்டு மிருகங்களையும் நீரே படைத்தீர். அவற்றுக்கும் வேளாவேளைக்கு ஆகாரம் தருகிறீர்" என்று உருகி, ஆமென் சொல்லிக் கண் திறந்தேன்.

பாயில் ஒரு குரங்குக் கூட்டமே உட்கார்ந்து கடைசிப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தது. கோழிச் சட்டி கவிழ்ந்து கிடந்தது.

"யாருமா பார்க்கல?" என்றார் டிரஸர்.

"நான் பார்த்தேன்ப்பா," என்றாள் எஸ்தர்.

"பின்னே ஏன் சொல்லல?"

"ஜெபத்து நடுவுல வாய் திறக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க. இவரும் நிறுத்தற மாதிரி தெரியல லா."

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. (அந்தப் பூமிக்கும் சற்றுமுன்தான் நன்றி சொல்லியிருந்தேன்.)

டிரஸர் குரங்குகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, ஆண்டவர் ஆறே நாள்ல படைச்சு முடிச்சுட்டாரு. நீங்க சொல்லி முடிக்க ஏழு நாள் கேப்பீங்க போல."

சொல்லிவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பசியோடு பட்டணம் திரும்பி, சூலியா தெருவில் ஒரு சாயபு கடையில் ரொட்டி சாப்பிட்டோம். டிரஸர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க கண்ண மூடிக்குங்க. என் பொண்ணு தொறந்து வெச்சுக்குவா. குடும்பம் நடந்துரும்."

சம்மதத்தை அப்படித்தான் சொன்னார்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. இன்றும் நான் ஆமென் சொன்ன சத்தம் கேட்ட பிறகுதான் எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து சோறு வெளியே வரும்.