மேடத்துக்கு எந்தக் கலர்?

"எந்தக் கட்சிக்கு?" என்று கேட்டார், சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பொன்னாடை விற்கும் ஹாலித் பாய்.

"கட்சிக்கு இல்ல பாய், கம்பெனிக்கு. எங்க சி.இ.ஓ. மேடம் முதல் தடவையா திருச்சிக்கு வராங்க."

"சரி, அவங்க எந்தக் கட்சி?"

அழகியமணவாளனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் எடுத்த பச்சையைக் கீழே வைத்தார். சிவப்பைத் தொட்டார், அதையும் விட்டார். மஞ்சள், நீலம், காவி என்று எதை எடுத்தாலும் அதற்கொரு கட்சி இருந்தது.

"வெள்ளை இருக்கா?"

"இருக்கு. கட்சி மாறப் போறவங்க வாங்குவாங்க."

மனிதர் வெறுங்கையோடு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினார்.

விஷயம் சின்னதில்லை. தில்லை நகரில் அவர் மேனேஜராக இருக்கும் சாஃப்ட்வேர் ஆபீஸை மூடி, சென்னையோடு சேர்க்கப் போவதாகப் பேச்சு. காவிரிப் பாலத்தைத் தாண்டுவதையே வெளியூர்ப் பயணமாக நினைப்பவர் சென்னையில் என்ன செய்வார்? போன தடவை வந்த பெரிய அதிகாரியிடம் தேர்தல் பேச்சை எடுத்துவிட்டு, அந்த வருஷ இன்கிரிமென்ட்டைக் கோட்டை விட்டவர் வேறு. இந்த முறை ஆழம் பார்த்துத்தான் காலை விடுவது என்று தீர்மானித்தார்.

மேடத்தின் பெயர் ஜோதி. அதிலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. இன்டர்நெட்டில் துழாவும் வேலையை லால்குடியிலிருந்து வரும் புரோகிராமர் தமிழ்மணியிடம் கொடுத்தார்.

"சூரிய உதயம் ஒரு போட்டோ போட்டிருக்காங்க சார். தாமரைக் குளம் ஒண்ணு. வாழை இலையில சாப்பிடறாப்ல ஒண்ணு."

"அப்படின்னா?"

"பெரிய கூட்டணியா இருக்கும் சார்."

திங்கட்கிழமை மேடம் சிவப்புப் புடவையில் வந்து இறங்கினார். நீலச் சட்டையில் நின்றிருந்த அழகியமணவாளனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஆஹா, சிவப்பு!

மறுநாள் சிவப்புச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியவரை மனைவி ப்ரியம்வதா ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன்னா, பெருமாளுக்குத்தான் தினம் ஒரு வஸ்திரம். உங்களுக்கு என்ன வந்தது?"

அவர் காதில் வாங்கவில்லை. மதியச் சாப்பாட்டின்போது, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சாம்பாரைச் சமமா ஊத்துங்கப்பா! உழைக்கிறவனுக்கு முதல்ல ஊத்துங்க!" என்று முழங்கினார். மேடம் தலையாட்டினார். ஆனால் அன்று அவர் உடுத்தியிருந்தது நீலப் புடவை! அழகியமணவாளன் ரசம் வேண்டாமென்று கையைக் கழுவிவிட்டார்.

புதன்கிழமை நீலச் சட்டைக்குத் திரும்பினார். மேடம் சிவப்பில் வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் திகைத்து நின்றார்கள். சாப்பாட்டு நேரத்தில் மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாம்பாரைச் சமமா ஊத்துங்க" என்றார்.

'நக்கல் பண்ணுகிறார். ஆபீஸ் போச்சு!' என்று நொறுங்கிப்போனார் அழகியமணவாளன்.

சாயங்காலம் வழியனுப்பு விழா. பொன்னாடை இன்னும் வாங்கியபாடில்லை. போனில் அவர் புலம்பியதைக் கேட்டு, ப்ரியம்வதா ஒரு பையைக் கொடுத்தனுப்பினாள். "எல்லாக் கலரும் இருக்கு, இதையே போர்த்துங்கோ."

அவசரத்தில் பிரித்துப் போர்த்திய பிறகுதான் தெரிந்தது, அது கல்யாண வீட்டில் விரிக்கிற ஜமுக்காளம். மேடம் கனம் தாங்காமல் தள்ளாடினார்.

"இது... என்ன சார்?"

"ஜமுக்காளம் மேடம். நீங்க எந்தக் கலர்னு தெரியல. எந்தக் கலரா இருந்தாலும் பரவாயில்ல, இந்த ஆபீஸை மட்டும் மூடிடாதீங்க." வாய் தவறி வந்த வார்த்தைதான், ஆனால் அந்த மூன்று நாளில் அவர் பேசிய ஒரே நிஜம் அது.

மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஜமுக்காளத்தைத் தரையில் விரித்து முதல் ஆளாக உட்கார்ந்தார். "வாங்க, எல்லாரும் இதுலயே உக்காரலாம். ஆபீஸ் இங்கேயேதான் இருக்கும். இன்னும் பத்துப் பேரை எடுக்கப்போறோம், நீங்கதான் பார்த்துக்கணும்."

கைதட்டலில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. அழகியமணவாளன் நெஞ்சு நிறைந்து ரங்கநாதரை நினைத்துக்கொண்டார்.

மேடம் கார் ஏறிப் போனதும், ஆபீஸில் காபி போடும் இருசம்மாள் டம்ளரை நீட்டினாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு மீசையை நீவினார்.

"பார்த்தியா இருசம்மா, மூணே நாள்ல எப்படி அவங்க மனசைப் பிடிச்சேன்! ஆனா எந்தக் கட்சின்னு மட்டும் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியல."

"அட போங்க சார், 'உங்க மேனேஜர் வேற கம்பெனிக்குப் போயிடுவாரோன்னு பயமா இருக்கு, அவரு மனசு கோணாம நடந்துக்கணும், எந்தக் கட்சி'ன்னு அந்தம்மா மொத நாளே என்னையக் கேட்டாங்க, நீங்க தினம் ஒரு கலர்ல சட்டை போட்டுட்டு வந்தா நான் என்னன்னு சொல்றது?"