விட்ட மாத்திரையைப் பிடித்தவர்

'எனக்கு ஒண்ணுமில்ல' டிரைவர் என்று ஓர் இனம் உண்டு. அவர் ஓட்டிய பஸ்ஸில் நீங்களும் போயிருப்பீர்கள். உயிரோடு இறங்கினீர்களே, சந்தோஷம்.

சளிக்கு ஒன்று, முதுகுவலிக்கு ஒன்று, எதற்கென்றே மறந்துபோனது ஒன்று என்று அவர் சட்டைப் பையில் அரை மருந்துக்கடை குலுங்கும்; ஆனால் "மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டுவிட்டால், அவர் அம்மாவைத் திட்டிய மாதிரி முறைப்பார். சளி மாத்திரை அட்டையில் 'தூக்கம் வரும், வாகனம் ஓட்டாதீர்கள்' என்று போட்டிருந்ததை மனைவி படித்துக் காட்டினாள்.

"அது கார் ஓட்டுறவனுக்குடி. நான் பஸ்ஸுல்ல ஓட்டுறேன்!"

இதற்கு நீங்கள்தான் பதில் சொல்லுங்களேன்.

டாக்டர் தினம் ஒன்று போடச் சொன்ன பிரஷர் மாத்திரை மட்டும் கடிகாரத்துக்குப் பின்னால் தூசி தின்றது. அதைத் தின்றால் நோயாளி ஆகிவிடுவாராம்.

வந்தது உடல் தகுதிச் சோதனை. தேறாவிட்டால் ஸ்டியரிங் கிடையாது, டிப்போவில் கேட் திறக்கும் வேலைதான். இருபத்திரண்டு வருஷம் ஓட்டிய மனிதர் நடுங்கிப் போனார். அன்று காலை நாலு பிரஷர் மாத்திரையை ஒரே மடக்கில் விழுங்கினார்.

"என்னங்க, நாலும் ஒண்ணாவா?"

"லேட்டான டிரிப்பை மிதிச்சுப் பிடிக்கறதில்ல? அப்படித்தான். விட்ட நாளைப் பிடிக்கிறேன்."

கூடவே கிளம்பினாள் அவள்.

"ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா."

பிரஷர் பார்க்க அவர் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்தார் டாக்டரம்மா. முகம் சுளித்தார். மறுபடி அடித்தார். "எந்திரிச்சு நில்லுங்க."

சுவர் நின்றது. நாற்காலி நின்றது. அவர் நிற்கவில்லை.

மனைவி நாலு குழி காலியான அட்டையை மேஜையில் வைத்தாள். "இன்னிக்கு நாலு. நேத்து வரைக்கும் ஒண்ணுமில்ல."

"இதே மயக்கம் ஸ்டியரிங்ல வந்திருந்தா, பின்னாடி இருக்கற அம்பது பேரு?" என்றார் டாக்டரம்மா.

தரையில் கிடந்தவர் வாயைத் திறந்தார், "எனக்கு ஒண்ணு..." வரைதான் வந்தது.

இப்போது மூன்று மாதம் அவருக்குக் கேட்தான். தினமும் காலையில் மாத்திரையைக் கொடுத்து, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் மனைவி அனுப்புகிறாள். அவரோ வெளியே போகிற ஒவ்வொரு பஸ்ஸையும் மறித்து, "மாத்திரை போட்டியாப்பா?" என்று டிரைவர்களின் உயிரை வாங்குகிறார்.

சிரிக்கிறீர்களா? சர்க்கரை டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க மூன்று நாள் இருக்கும்போது இனிப்பை நிறுத்திவிட்டு, ஊசி குத்திய பஞ்சோடு நேரே மிட்டாய்க் கடைக்குப் போனது யாராம்? பஸ் ஓட்டவில்லை என்கிறீர்கள். குடும்பம் ஓட்டுகிறீர்களே! பின்னால் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தரம் திரும்பிப் பாருங்கள்.