கோரையின் அடியைத் தேடி

இனி என் தோட்டத்தில் ஒரு களையைக்கூடப் பிடுங்கமாட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் விளக்குவதற்கு முன்பே, சபதம் எடுத்தேன்.

காரணம் சோம்பல் இல்லை. அதாவது, சோம்பல் மட்டும் இல்லை. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். கடையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து, வீட்டு முன்னால் சும்மா குனிந்து பார்த்தேன். மாட்டிக்கொண்டேன். கடுகளவு நீலப் பூ. அதற்குள் அஞ்சு இதழ், நடுவில் மஞ்சள் பொட்டு. யார் விதைத்தது? யார் தண்ணீர் விட்டது? நான் உரம் போட்டு, கெஞ்சி, கொஞ்சி வளர்த்த ரோஜா முள்ளைத் தவிர எதையும் காட்டவில்லை. கூப்பிடாமல் வந்த இது சிரிக்கிறது!

மனைவி களைக்கொத்தியோடு வந்து நின்றாள். அவள் ஏழாம் வகுப்பு ஆசிரியை.

“என்னங்க, சாயங்காலம் என் தங்கச்சி வர்றா. கேட்லேருந்து கதவு வரைக்கும் ஒரே காடு. தபால்காரர் வழி தெரியாம திரும்பிப் போறாரு.”

“காடு இல்லம்மா. இயற்கை.”

“களைங்க.”

“தோட்டத்துக்கு ஒரு களை வேண்டாமா? இதை எடுத்தா தோட்டத்துக்குக் களை போயிடும், எனக்குக் களைப்பு வந்துடும்.”

சண்டைக்குத் தயாராக நின்றேன். அவளோ களைக்கொத்தியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அந்தக் கண்ணாடியைக் குடுங்க.” பார்த்தாள். “அட, ஆமா! எவ்வளவு அழகு! இதை யாரு பிடுங்கச் சொன்னது?”

கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் வெற்றி. நெஞ்சு ரெண்டு அங்குலம் விரிந்தது.

“ஆனா இந்தக் கோரைப்புல் இருக்கே,” என்றாள், “இதுக்கு அடியில கிழங்காம். ஒண்ணுலேருந்து இன்னொண்ணு, அதுலேருந்து இன்னொண்ணுன்னு மண்ணுக்குள்ள ரயில் மாதிரி போகுமாம். கடைசிக் கிழங்கு வரைக்கும் அறுபடாம யாரும் எடுத்ததே இல்லையாம்.”

“யாரு சொன்னா?”

“பேசிக்கிறாங்க. விடுங்க, உங்களால முடியாது.”

உள்ளே போய்விட்டாள். களைக்கொத்தி மட்டும் போகவில்லை.

ஒரே ஒரு கோரை. ஆராய்ச்சிக்காகத்தான். ரெண்டாவது கிழங்கில் பட்டென்று அறுந்தது. அடுத்ததைத் தோண்டினேன். மூன்றாவது பெட்டியில் ரயில் கழன்றது. வேரைத் தேடினேன், வேர்வைதான் வந்தது. ஆனாலும் விட மனசில்லை. அது எங்கேதான் போகிறது?

ஜன்னலிலிருந்து குரல்: “அந்தப் பக்கம் செடிங்க மறைக்குதே, கிழங்கு எப்படிப் போகுதுன்னு தெரியுமா?”

நியாயமான கேள்வி. மறைத்ததையெல்லாம் பிடுங்கினேன். நீலப் பூவை மட்டும் அலுங்காமல் ஒரு தொட்டிக்கு மாற்றினேன். பிறகு கேட் வரைக்கும் தோண்டிக்கொண்டே போனேன்.

வந்தது! ஒரு முழ நீளம், அறுபடாத கிழங்கு மாலை. வலையில் விழுந்த மீன் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு, “கிடைச்சிடுச்சு!” என்று கத்தியபடி நிமிர்ந்தேன்.

கேட்டிலிருந்து கதவு வரைக்கும் தரை, கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி பளிச்சென்று இருந்தது. கதவோரம் நாற்காலி போட்டு, மனைவி டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

“எங்க கிளாஸ் பசங்களும் இப்படித்தான்,” என்றாள். “செய்யுங்கடான்னா செய்யமாட்டாங்க. உங்களால முடியாதுன்னு சொன்னா, முடிச்சிட்டுத்தான் சாப்பாட்டுக்கே போவாங்க.”

“அப்போ, யாரும் எடுத்ததே இல்லைன்னு பேசிக்கிறாங்கன்னியே?”

“நான்தாங்க பேசிக்கிட்டேன்.”

இனி இவள் பேச்சைக் கேட்பதே இல்லை என்று குழாயடிக்கு நடந்தேன்.

“கையைக் கழுவிடாதீங்க,” என்றாள். “பக்கத்து வீட்டு அக்கா தோட்டத்துல இதைவிட நீளமா இருக்காம்.”

“எவ்வளவு நீளம்?” என்று கேட்டுத் தொலைத்தேன்.